படத்துக்கும் பாயிரம் வேண்டும்

சென்ற தை மாதத்திலே எங்கள் அயற்கிராமத்து வாசிகசாலை ஒன்று தன் ஆண்டு விழாவையொட்டி மாணாக்கர்க்குச் சித்திரப் போட்டி ஒன்றை வைத்தது. "மாரிகால முற்றம்" என்பது தலைப்பு. நடுவர் மூவருள் நானும் ஒருவன். தமிழ் படிப்பிக்கும் பண்டிதனுக்குச் சித்திரத்திலே என்ன வேலை என்று கேட்டேன். "ஐயா, உங்களுக்குப் பார்க்கத் தெரியும், அது போதும்" என்றார்கள். பார்க்கத் தெரியும் என்ற அந்த நம்பிக்கை பொய்த்த கதையையே இங்கு எழுதப் புகுந்தேன்.

நாற்பத்தொரு படங்கள் வந்திருந்தன. கணினியிலே கீறியனவும் ஏற்கப்படும் என்று விதியிலே இருந்தது. அவ்வாறு வந்த படம் ஒன்று எங்கள் மூவர் கண்ணையும் கவர்ந்தது. மழைநீர் தேங்கிய முற்றம், அந்நீரிலே தலைகீழாகத் தெரியும் மாலைவானம், பனை வரிசை, ஒரு துலாக் கிணறு, திண்ணையிலிருந்து ஒழுகும் விளக்கொளி. மாறுபாடின்றி அதற்கே முதற் பரிசை வழங்கினோம். பரிசளிக்கும் மேடையிலே, "தம்பி, இந்த வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவந்தீர்?" என்று நான் ஆவலோடு கேட்டேன். "நான் கீறேல்லை, ஐயா. எழுதிக் கேட்டனான், அது கீறித் தந்தது" என்றான் பையன்.

அவன் பொய் சொன்னவனல்லன். அதுவரை யாரும் அவனைக் கேட்கவில்லை. கேட்டபோது ஒளியாமற் சொன்னான். நான் படத்தை மீண்டும் வாங்கிப் பார்த்தேன். பனைகளிலே தென்னங்குலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. துலாவின் கயிறு கிணற்றுக்குள் இறங்காமல் வெறும் வெளியிலே முடிந்திருந்தது. ஐம்பது ஆண்டுக்கு மேலாக யாழ்ப்பாணத்து மண்ணிலே வாழ்ந்தவன், பனையையும் தென்னையையும் பிரித்தறியாமற் பரிசு கொடுத்திருக்கிறேன்! பரிசு பெறாத படங்களுள்ளே ஒன்பதாந் தரத்து மாணவி ஒருத்தியின் படமும் கிடந்தது. கிழவி ஒருத்தி மழைக்கு முந்தி விறகை மூடுவதற்காக ஓலைப்பாயை இழுத்துக்கொண்டிருக்கிறாள். கை அளவுக்கு மீறி நீண்டிருந்தது. வர்ணம் திட்டுத் திட்டாக நின்றது. ஆயினும் காற்றுக்கு எதிரே சாய்ந்த அந்த முதுகு, கிழவியை அருகிலிருந்து பார்த்தவள் மாத்திரமே கீறக்கூடிய முதுகு. முதல்முறை பார்த்தபோது அந்த முதுகு என் கண்ணிற் படவில்லை.

இத்தகைய பிழை எங்களோடு தொடங்கியதன்று. 2022 ஆகஸ்டிலே ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில், ஜேசன் அலன் என்பார் மிட்ஜேர்ணி என்னும் செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கொண்டு ஆக்கிய படம் எண்முறைக் கலைப் பிரிவிலே முதற் பரிசான 300 டொலரைப் பெற்றது. செயலியின் பெயரையும் அவர் படத்தோடு எழுதிக் கொடுத்திருந்தார். அப்பெயர் எதனைக் குறிப்பது என்பது நடுவர்க்குத் தெரிந்திருக்கவில்லை. 2023 ஏப்பிரிலிலே ஜேர்மனியரான பொறிஸ் எல்டாக்சன், சொனி உலக நிழற்படப் போட்டியின் ஒரு பிரிவிலே பரிசுக்குரியவராகத் தெரிவானபின், தம் படம் கமராவால் எடுக்கப்பட்டதன்று என்று கூறிப் பரிசை மறுத்தார். 2024இலே மைல்ஸ் அஸ்ட்ரே என்பார் இதன் மறுதலையைச் செய்துகாட்டினார். மன்னார்க் கரையிலே நாமும் காணும் பூநாரை இனத்துப் பறவையொன்று தலையை உடலுக்குள் மறைத்து நின்றதைக் கமராவால் மெய்யாகவே படம் பிடித்து, செயற்கை நுண்ணறிவுப் படங்களுக்குரிய பிரிவுக்கு அனுப்பிவைத்தார். அதற்கும் பரிசு கிடைத்தது. உண்மையை அவர் வெளியிட்டதும் பரிசு நீக்கப்பட்டது. பொய்யை மெய்யென்று கொண்ட கண், மெய்யைப் பொய்யென்றும் கொண்டுவிட்டது.

இந்த நிலை ஒருநாளில் வந்ததன்று. 1957இலே அமெரிக்கத் தேசிய நியமங்கள் பணியகத்திலே ரசல் கேர்ஷ் என்னும் அறிஞர், தம்முடைய மூன்று மாதக் குழந்தையின் நிழற்படத்தைக் கணினிக்குள் ஏற்றினார். குறுக்கே 176, நெடுக்கே 176, ஆக 30,976 புள்ளிகள்; ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். கணினி வாங்கிக்கொண்ட முதற் படம் அதுவே. 1975இலே கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்டீவன் சசன் படச்சுருள் வேண்டாத கமரா ஒன்றை அமைத்தார். அது பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை ஒலிநாடாவிலே பதிய 23 விநாடி எடுத்தது. படச்சுருள் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டிய அந்நிறுவனமே 2012இல் வங்குரோத்துப் பாதுகாப்பு நாடி நீதிமன்றஞ் சென்றது. இன்று கைத்தொலைபேசி உடையவரெல்லாரும் படம் பிடிப்போராயினர்.

படம் எண்ணாக மாறியதன் விளைவை ஏடு பார்த்தவர் எளிதில் உணர்வர். ஓலையிலே ஓர் எழுத்தைச் சுரண்டினால் வடு நிற்கும். எண்ணை மாற்றினால் வடு நிற்பதில்லை. 1982 பெப்ரவரி மாதத்து நாஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகையின் அட்டையிலே எகிப்து நாட்டுக் கீசாப் பிரமிட்டுகளின் படம் வெளிவந்தது. படமோ அகலவாக்கிலே எடுக்கப்பட்டது, அட்டையோ நெடுக்கானது. ஆகவே கணினியின் துணையால் ஒரு பிரமிட்டை மற்றதன் பக்கமாக நகர்த்தி அட்டைக்குள் அடக்கினார்கள். சுமார் 4,500 ஆண்டுகளாக அசையாதிருந்த கற்குவை, பத்திரிகாலயத்து மேசையிலே அசைந்துவிட்டது. அன்று அதற்குப் பெரிய பணிமனையும் பெரும்பொருளும் வேண்டியிருந்தன. 1990இலே போட்டோஷொப் என்னும் மென்பொருள் வெளிவந்தபின் அந்த வித்தை வீட்டு மேசைக்கு வந்தது. இன்று கமராவே இல்லாமல், ஒரு வாக்கியம் எழுதினாற் படம் வந்து நிற்கிறது.

பிரமிட்டை நகர்த்திய செய்கைக்கு எங்கள் தமிழிலே பெயர் உண்டு. அது இடைச்செருகல். பிறர் நூலுக்குள்ளே தம் கூற்றை நுழைத்துவிட்டு, முழுவதும் ஆசிரியன் வாக்கே என்று வழங்கவிடுதல் அது. இத்தொல்லை எமக்குப் புதிதன்று. அதனை எதிர்கொண்ட முறையும் எமக்குப் புதிதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தபோது, செல்லரித்த ஏடுகளோடும் எழுதினோர் பிழைகளோடும் போராடினார்கள். ஓரேட்டை மற்றோர் ஏட்டோடு ஒப்புநோக்கி, பாடபேதங் கண்டு, ஐயமுள்ளதை ஐயமுள்ளதென்றே குறித்தல் பதிப்பாசிரியரின் அறமாயிற்று. எழுத்தைக் கண்டவுடன் நம்பாத மரபு அது. அம்மரபிலே வந்த நாங்கள், படத்தைக் கண்டவுடன் நம்பப் பழகிவிட்டோம். எழுத்தைச் சோதிக்கப் பிள்ளைகளுக்குப் பத்து ஆண்டுகள் படிப்பிக்கிறோம். படத்தைச் சோதிக்க ஒரு நாழிகையேனும் படிப்பிப்பதில்லை.

பண்டித வகுப்பிலே நன்னூற் பாயிரத்தை ஆண்டுதோறும் படிப்பித்து வருகிறேன். ஒரு நூல் சபைக்கு வருமிடத்து, அதனை ஆக்கியவர் யார், எவ்வழியாக வந்தது, எங்கே வழங்குவது, அதன் பெயர் என்ன, எவ்வாறு யாக்கப்பட்டது, எதனைச் சொல்லுவது, யார் கேட்டற்குரியர், கேட்டாற் பயன் யாது என்னும் எட்டையும் சிறப்புப் பாயிரம் அறிவித்தல் வேண்டும் என்பர் பவணந்தி முனிவர். காலத்தையும் களத்தையும் காரணத்தையும் சேர்த்துப் பதினொன்றாக்குவாரும் உளர் என்பதையும் அவரே சொல்வர். பாயிரமில்லாத பனுவலை நூலென்றே எண்ணாதது எங்கள் மரபு. இப்பகுதியைத் தேர்வுக்காக மனனஞ் செய்யும் மாணாக்கர், "இதனால் இன்று என்ன பயன், ஐயா?" என்று கேட்பதுண்டு. சென்ற தை மாதம் வரை எனக்கு நல்ல விடை இருக்கவில்லை. இப்பொழுது இருக்கிறது. ஒரு பாயிரம் கேட்டிருந்தால் நான் அன்று பிழைபட்டிருக்கமாட்டேன்.

ஆக்கியோன் பெயரை முதலில் எடுத்துக்கொள்வோம். முன்னர் எங்கள் பட்டினத்துக் கடைப் பெயர்ப்பலகைகளின் கீழ் மூலையிலே, எழுதிய ஓவியர் தம் பெயரைச் சிறிதாக இட்டிருப்பார். அச்சுப் பதாகைகள் வந்தபின் அந்த மூலை வெறுமையாயிற்று. அவரும் வேறு தொழிலுக்குப் போனார். உலகச் சந்தையிலோ அந்த மூலைக்கு வேறொன்று வந்தது. 2018 ஒக்டோபரிலே நியூயோர்க் நகரில் கிறிஸ்டீஸ் நிறுவனத்தார் ஏலத்திலே, "எட்மண்ட் டி பெலமி" என்னும் உருவப்படம் 432,500 டொலருக்கு விலைபோயிற்று. பிரான்சு நாட்டு இளைஞர் மூவர் கணினியைக் கொண்டு ஆக்குவித்த படம் அது. ஓவியர் கையொப்பமிடும் மூலையிலே ஒரு கணித வாய்பாடு எழுதப்பட்டிருந்தது. அக்கணினிக்கு 14ஆம் நூற்றாண்டு தொடக்கம் 20ஆம் நூற்றாண்டு வரையிலான 15,000 உருவப்படங்கள் காட்டப்பட்டிருந்தன. அதனை இயக்கிய நிரலிலும் வேறோர் இளைஞர் பொதுவில் இட்டுவைத்த பகுதி இருந்தது. ஆக்கியோன் யார்? மூவரா? நிரல் எழுதியவரா? முகங்களைத் தீட்டி மறைந்த ஓவியரா? வாய்பாடு இவ்வினாக்களுக்கு விடை சொல்லாது.

அடுத்தது வழி. நூலை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாக வகுத்தனர் எம் முன்னோர். முன்னோன் பொருளை எடுத்தாளுதலை அவர்கள் குற்றமென்று கொள்ளவில்லை; வழிநூலை வழிநூலென்று சொல்லும்படியே கேட்டனர். இன்றைய படஞ்செய் கருவிகள் பெரியதொரு கடனின்மேல் நிற்பவை. 2022இலே வெளிவந்த ஸ்டேபிள் டிஃபியூஷன் என்னும் கருவி, இணையத்திலிருந்து திரட்டிய 585 கோடி படவிவரங்கள் கொண்ட லயன் என்னும் தொகுதியின் பகுதிகளாற் பயிற்றப்பட்டது. அப்படங்களைக் கீறியோரிடமும் எடுத்தோரிடமும் அனுமதி கேட்கப்படவில்லை. 2023 சனவரியிலே ஓவியர் மூவர் கலிபோர்ணியாவிலே வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றம் எதனைத் தீர்ப்பினும் தீர்க்க. கடன்பட்டவன் கடனைச் சொல்லல் வேண்டும் என்பது சட்டத்துக்கு முந்திய அறம்.

இதனை ஓவியரின் தனிவழக்கு என்று விட்டுவிடலாகாது. 2023 மே மாதத்திலே, அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகமான பென்ரகனின் அருகே குண்டு வெடித்துப் புகை எழுவதாக ஒரு படம் பரவிற்று. அப்படி ஒரு வெடிப்பு நிகழவேயில்லை. படம் கணினி கற்பித்தது. ஆயினும் அது பரவிய சில நிமிடங்களுக்குப் பங்குச்சந்தையே சற்றுத் தாழ்ந்தது. பணம் மீண்டும் ஏறிவிடும். ஏறாத நட்டம் ஒன்று உண்டு. அதுவே என்னை உறங்கவிடாதது. எங்கள் வன்னி மண்ணிலே 2017 முதல் தெருவோரத்துக் கொட்டில்களில், காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை நெஞ்சோடு அணைத்து அமர்ந்த தாய்மாரைக் கண்டோம். வலியவனுக்குப் பத்திரம் உண்டு, பதிவேடு உண்டு, சாட்சி சொல்ல ஆளும் உண்டு. அந்தத் தாய்க்கு உள்ள சாட்சி ஒரு படம். "படந்தானே, யாரும் செய்யலாம்" என்று உலகம் சொல்லப் பழகிவிட்டால், முதலிற் சாட்சியிழப்பவள் அவளே. பொய்ப்படம் ஒன்று பரவுதலினும், மெய்ப்படம் மதிப்பிழத்தலே பெருங்கேடு என்பேன்.

ஆனால் இந்தப் பண்டிதர் இயந்திரத்தை வெறுக்கிறார் என்று இளைஞர் எண்ணவேண்டாம். ஏடும் எழுத்தாணியும் ஆண்ட காலத்திலே, 1849இற் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தவர் ஆறுமுக நாவலர். அவர் வழியினர் இயந்திரத்தை அஞ்சுதல் தகாது. கேர்ஷ் குழந்தையின் படத்தைக் கணினிக்குள் ஏற்றிய அதே வித்தையின் வழிவந்த ஒளிவருடிகளைக் கொண்டுதான், 2005 முதல் நூலகம் என்னும் இணைய நூலகத்தார் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் பேணி வருகின்றனர். 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறைக்கு அவ்வித்தையின் அருமையை யாரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வெனிஸ் நகரத்து மடம் ஒன்றிலிருந்து 1797இலே நெப்போலியன் படையினர் எடுத்துச்சென்ற வெறொனீசின் "கானாவூர்த் திருமணம்" என்னும் ஓவியம் இன்றும் பாரிஸ் லூவர் நூதனசாலையிலே இருக்கிறது. அதனை எண்முறையிலே அணு அணுவாக அளந்து செய்த பிரதியொன்று 2007இலே அம்மடத்துச் சுவரிலே, பழைய இடத்திலேயே, ஏற்றப்பட்டது. அது பிரதி என்பதை எவரும் மறைக்கவில்லை. வழிநூல் தன்னை வழிநூலென்று சொல்லிக்கொண்டு நிற்பதால், அதனை வணங்கிப் பார்ப்பதிலே எனக்கு ஒரு தடையும் இல்லை.

பாயிரத்தின் அருமையை மேனாட்டாரும் தம் வழியிலே கண்டுகொண்டிருக்கின்றனர். படம் எங்கே, எக்கருவியால், எப்போது எடுக்கப்பட்டது, பின்னர் எவ்வாறு மாற்றப்பட்டது என்பவற்றைப் படத்தோடேயே கட்டிவைக்கும் நியமம் ஒன்றை ஆக்குதற்குக் கமரா, கணினி, பத்திரிகைத் துறையினர் 2021 முதல் ஒன்றுகூடி உழைக்கின்றனர். அவ்வசதியை உள்ளே கொண்ட முதற் கமராவை 2023இலே லைக்கா நிறுவனம் வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டமும், செயற்கை நுண்ணறிவாற் செய்யப்பட்ட போலிப் படங்களை அவ்வாறே அறிவித்தல் வேண்டும் என்கிறது. இவை நல்ல தொடக்கங்கள். ஆயின் படத்தோடு கட்டிய குறிப்பைக் கழற்றிவிடலாம். பொய்ப் பாயிரமும் எழுதலாம். ஆதலாற் பாயிரத்தைக் கேட்பதோடு, ஏட்டை ஒப்புநோக்கும் பழக்கமும் வேண்டும். அதே படம் வேறெங்கே வந்திருக்கிறது, முதலில் எங்கே வந்தது, அவ்விடத்தைக் கண்டவர் உளரோ என்று தேடுதலே படத்துக்குப் பாடபேதம் பார்த்தல். பனையிலே தென்னங்குலை தொங்குகிறதா என்று பார்க்க, பனையைப் பார்த்த கண்ணும் வேண்டும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களை ஒன்று வேண்டுகிறேன். மாணாக்கர் வகுப்புக்கு ஒரு படத்தைக் கொண்டுவரும்போது, அது கட்டுரைக்கு ஒட்டியதாயினும், சுவர்ப்பத்திரிகைக்கு வந்ததாயினும், கைத்தொலைபேசியிலே யாரோ அனுப்பியதாயினும், நான்கு வினாக்களைக் கேளுங்கள். யார் செய்தது? எவ்வழி வந்தது? எக்காலத்தது? எதன்பொருட்டுச் செய்யப்பட்டது? விடை தெரியாவிட்டால், "தெரியாது" என்று படத்தின் கீழே எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லே பெரிய பாடம். கணினியைக் கொண்டு படம் செய்யும் பிள்ளையைக் கண்டிக்காதீர்கள். என்ன எழுதிக் கேட்டாய் என்று அதனையும் எழுதச் சொல்லுங்கள். நல்ல வாக்கியம் எழுதியிருந்தால் தமிழாசிரியர் மதிப்பெண் வழங்கட்டும்.

அந்த வாசிகசாலையாரிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன். பையனிடமிருந்து பரிசைப் பறித்தல் நியாயமன்று. பிழை கேளாத எங்களுடையது. வரும் ஆண்டு தொடக்கம் ஒவ்வொரு படத்தோடும் ஒரு பாயிரத் துண்டு இணைக்கப்படல் வேண்டும் என்று விதி செய்தோம். அதன் முன்மாதிரியை, அந்த மாணவியின் படத்தை வாசிகசாலைச் சுவரிலே மாட்டி, அவளைக் கொண்டே எழுதுவித்தோம். பெயரையும் தரத்தையும் எழுதியபின் அவள் இவ்வாறு எழுதினாள்: "வழி: அம்மம்மா. களம்: எங்கள் வீட்டுப் பின்முற்றம். காலம்: கார்த்திகை, மழை வர முந்தி. காரணம்: அவ தனிய இழுக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றனான், உதவிக்குப் போகேல்லை."

வாசித்துவிட்டு மீண்டும் அந்த முதுகைப் பார்த்தேன். பரிசுப் படத்தைச் செய்த பையனும் என் பக்கத்திலே நின்று வாசித்தான். "ஐயா, என்ரை படத்துக்குக் காரணம் எண்டு என்ன எழுதுறது?" என்று கேட்டான். நான் அவனுக்கு விடை சொல்லவில்லை. வரும் மாரிக்குள் அவனே கண்டுபிடிக்கட்டும்.